மூன்று வாரம் சின்னது

டவுன்ஷிப் பெண்களுக்குத் தேதி மறந்துபோகும், ஷிப்ட் மறக்காது. கடைசியாக எப்போது வீட்டுக்கு விலக்கானது என்று டாக்டர் கேட்டபோது நானும் ஷிப்டை வைத்துத்தான் சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை. மைன்ஸில் என் வீட்டுக்காரருக்கு முதல் ஷிப்ட், மதியம் இரண்டு மணி வரை. வயிற்று வலியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இரண்டரை மணிக்கு அவர் வந்தார். கேட் திறந்தது. பின்பக்கக் குழாயில் வெகுநேரம் கால் கழுவினார். சோறு மூடி வைத்திருக்கிறேன் என்று திரும்பாமலே சொன்னேன். எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம், தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கல்யாணமான நாளாக அவர் ஒரு தட்டுக் கழுவியதில்லை. வலியில் கிடப்பவளை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம். மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் ஷிப்ட் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். காலண்டரில் பார்த்தால் இரண்டு வெள்ளிக்கிழமைகள் பொருந்தின. பிந்தினது இருக்காது, அன்று மாற்று ஆள் வராமல் இரவு பத்து வரை மைன்ஸிலேயே கிடந்தேன் என்றார் அவர். அப்படியானால் முந்தினதுதான். அதை வைத்துப் பிரசவத் தேதி குறித்தாயிற்று.

முதல் ஸ்கேனே ஐந்தாம் மாதம்தான் எடுத்தோம். குழந்தை மூன்று வாரம் சின்னதாக இருந்தது. தேதியில் தப்பிருக்குமா என்றார் டாக்டர். இருக்கவே இருக்காது என்று அடித்துச் சொன்னேன். அப்படியென்றால் வளர்ச்சி போதவில்லை என்றார்.

நான் அவசரக்காரி. அதற்குள் அவருடைய பழைய வேட்டிகளைப் பிள்ளைக்குத் துணியாகக் கிழித்து, வெந்நீரில் அலசி அடுக்க ஆரம்பித்திருந்தேன். ஸ்கேன் எடுத்து வீட்டுக்கு வந்ததும், பாதி கிழித்து வைத்திருந்த வேட்டியைக் கையில் எடுத்தேன். கிழிக்கப் பயமாக இருந்தது.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அக்கா பார்க்க வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, அன்றைக்குத்தானே வடலூருக்குக் கூப்பிட்டேன், வரமுடியாது என்று நீ எழுதி அனுப்பினாயே என்று போனில் தேடி எடுத்தாள்.

"இப்பத்தான் விலக்கானேன். வயித்து வலி. நீ போய்ட்டு வா. அவரு வந்துட்டாரு, கால் கழுவிகினு இருக்காரு."

மதியம் இரண்டு நாற்பது. பிந்தின வெள்ளிக்கிழமை.

சரியாக மூன்று வாரம். பிள்ளை சின்னதில்லை, நாங்கள்தான் தேதியைத் தப்பாகச் சொல்லியிருக்கிறோம். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகுதான் அவரைக் கவனித்தேன், அன்று இரவு பத்து வரை மைன்ஸிலேயே கிடந்த மனிதர். போனை வாங்கி இரண்டு தரம் படித்தார். எழுந்து போய்ப் பட்டப்பகலில் பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

"கனவு கினவு கண்டிருப்ப" என்றார்.

சரியென்று சொல்லியிருக்கலாம். ஆனால் வலி வந்ததையும் அவர் வந்ததையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன். அதில் பாதி கனவென்றால் மீதியை எதைக்கொண்டு நம்புவது? அன்று ஒருவரும் வரவில்லையென்றால் என் பிள்ளை வளரவில்லை.

"யாரோ வந்தாங்க. வந்துட்டுப் போவட்டும்" என்றேன். "கெளம்புங்க, டாக்டர்கிட்ட தேதிய மாத்தி எழுதச் சொல்லணும்."