பிரிச்சு மேடம்

கல்லூரியில் அவளுக்குப் பெயர் 'பிரிச்சு மேடம்'. தாவரவியல் ஆய்வகத்தில் எந்தப் பூ கிடைத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள் என்று மாணவிகள் வைத்த பட்டம். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் அவளைப் பிரித்து மேய்ந்தவன் லேத் பட்டறை வைத்திருந்த புருஷன். சோறு ஆறினால் அடி, சிரித்தால் அடி. இடது கையை முறுக்கி விரலை ஒடித்த மறுநாள் அவள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரமே ஒரு காலை வகுப்பில், செம்பருத்தியை நீளவாக்கில் அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, காம்புக்கு ஒரே பூ. மகரந்தத் தாளெல்லாம் ஒட்டிக் குழாயாகி, சூல்தண்டைச் சுத்தி நிக்குது. இப்போ சூரியகாந்தியை எடுங்க. இதை ஒரு பூன்னு நினைச்சா ஏமாந்தோம். நூத்துக்கணக்கான பூ ஒரே தட்டுல நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கு. ஓரத்துல இருக்கறது பூச்சியைக் கூப்பிட மட்டும்தான். விதை பிடிக்கறது உள்ள இருக்கற குட்டிப் பூவுங்க."

"அப்போ ஓரத்துப் பூ சும்மா பந்தாதானா மேடம்?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கதவு படாரென்று சுவரில் மோதியது. புருஷன். கையில் இரும்புக் குழாய்.

"இங்க வந்து இளிக்கிறியா? வாடி வீட்டுக்கு!"

"வரமாட்டேன். வெளியே போங்க."

முதல் அடியில் தோள் எலும்பு முறிந்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது. அடுத்த வீச்சில் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குடுவைகள் நொறுங்கின. குறுக்கே பாய்ந்த மாணவி மண்டை உடைந்து சரிந்தாள். அந்த ரத்தத்தைப் பார்த்ததும் மேடத்துக்கு நிதானமெல்லாம் அற்றுப்போனது. பூ பிரிக்கும் ஊசி கையில்தான் இருந்தது. குத்தினாள். கன்னத்தில், கழுத்தில், கண்ணில். "ஐயோ, விட்டுடு!" என்று அவன் குழாயைப் போட்டுவிட்டுச் சுருண்ட பிறகும் குத்தினாள். மாணவிகள்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

அவனுக்கு ஒரு கண் போனது, சிறைக்கும் போனான். மாணவி பிழைத்துக்கொண்டாள். "பயத்துல குத்திட்டேன்னு மட்டும் சொல்லுங்க" என்று, குத்திய வழக்கில் அவளுக்காக வாதாடிய வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூண்டில் ஏறி அப்படியே சொன்னாள். தற்காப்பு என்று விடுதலை கிடைத்தது.

அன்று அவளுடைய விறைத்துப்போன தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி அக்கா கேட்டாள்: "இப்பவாவது தூக்கம் வருதாடி?"

"நல்லா வருதுக்கா." எண்ணெய்க் கிண்ணத்தை அக்கா பக்கம் நகர்த்தினாள். "ஆனா பயத்துல குத்தலைக்கா. அவன் அலறினப்போ நல்லா இருந்துச்சு."

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கியது.