பலாப்பழம் விழவில்லை என்று சொன்னவள்

நாச்சியாரக்காதான் என்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டவள். இந்தக் கோபம் எனக்கு வருஷக்கணக்கில் ஆறவில்லை. கூட வேலை பார்த்த அத்தனை பேரும் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றபோது, சோறு பொங்க வந்த இவள் மட்டும் திறந்தாள். வேற்று ஆளாக இருந்தாலும் போகிறது. எங்க பக்கத்து ஊர்க்காரி.

அப்போது மலையாளத்துப் பக்கம், கல்லாற்றங்கரையில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தோம். கொத்தனார், கையாள் எல்லாரும் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள்தான். கூட்டி வந்தவர் குற்றாலலிங்கம் மேஸ்திரி. நாச்சியாரக்கா எங்களுக்குச் சமையல். புருஷன் விட்டுப் போனதும் தனியாக இந்தப் பக்கம் பிழைக்க வந்தவள். நாக்கு அவளுக்கு அடங்காது. ஒருநாள் மேஸ்திரி ரசத்தைக் குடித்துவிட்டு, "என்ன நாச்சியா, வெறும் தண்ணியா இருக்கு?" என்றார். "நீரு வாங்கிப் போட்ட பருப்பு அவ்வளவுதான் அண்ணாச்சி. தண்ணிதான் ஆத்துல சும்மா கெடைக்கு" என்று அவர் இலையிலேயே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கோமதிநாயகம் என் கூட்டாளி. ஒரே தெரு. ஒரு மழை நாள் மத்தியானம் வேலை நின்றுபோக, அவன் கொஞ்சம் போட்டுவிட்டு வந்து, நான் பூசின சுவரைக் கையால் தடவிப் பார்த்தான்.

"மாப்ளே தங்கபாண்டி, இது சுவரா? நம்ம ஊர்க் குளத்தங்கரையா?"

"ஆமாலே, உன் சுவரு கண்ணாடி. தெனமும் அதுல பாத்துத்தான தல சீவுத" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த சாந்துக் கரண்டியை விட்டெறிந்தான். என் புருவத்துக்கு மேலே கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். அதைப் பார்த்ததும் அவனே பயந்துபோனான். "நான் ஆத்துல மூஞ்சி கழுவிட்டு வாறேன்" என்று இறங்கிப் போனான். நாச்சியாரக்கா என்னைப் பிடித்துத் தன் சமையல் கொட்டகையில் படுக்கவைத்து, காப்பித்தூளை வைத்து அழுத்தினாள். தலை சுற்றி அங்கேயே கிடந்தேன். பொழுது சாயும்வரை அவள் பக்கத்திலிருந்து நகரவில்லை.

கோமதி திரும்பி வரவில்லை. எங்காவது குடித்துக் கிடப்பான் என்று விட்டுவிட்டோம். காலையில், ஆற்றின் ஆழமான கயத்துக்குக் கீழே இரண்டு பாறைக்கு நடுவில் கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது.

போலீஸ் வருவதற்குள் மேஸ்திரி எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். "செத்தவன் போயிட்டான். இருக்கிறவனையாவது காப்பாத்தணும். சண்டையே நடக்கல. கோமதி குடிக்கல. குளிக்கப் போனான், வழுக்கிட்டான். எல்லாருக்கும் ஒரே வாய். வெளங்குதா?"

வெளியூரில் எங்க ஆட்களுக்குள் இதுதான் முறை. யாரும் மறுத்துப் பேச மாட்டோம். எனக்கும் அப்போது அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் என் நெற்றிக்கு என்ன சொல்வது என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

பிரேதத்தைக் கரையேற்றிப் பாயில் கிடத்தி, எஸ்.ஐ. சாட்சிக்கு ஆட்களை நிறுத்தி, ஒவ்வொரு காயமாகப் பார்த்து எழுதவைத்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இவன்றெ நெத்தியில எந்தா?"

"ஏணியில இருந்து விழுந்துட்டான் சார்" என்றான் ஒருத்தன். அதே நேரத்தில் மேஸ்திரி, "பலாப்பழம் விழுந்துட்டு சார்" என்றார். பின்னால் நின்ற ஒரு கையாள், "மாடு முட்டிட்டு" என்றான்.

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. "ஒரு நெத்தி. மூணு ஆக்சிடென்ட். கொள்ளாம், நல்ல கத."

அடுப்படியிலிருந்து நாச்சியாரக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சார், ஏணியும் இல்ல, பலாப்பழமும் இல்ல. கோமதி குடிச்சிருந்தான். ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. அவன் கரண்டிய விட்டெறிஞ்சான், இவன் மேல பட்டுச்சு. அதுக்குப் பெறவு இவன்..."

"ஏ, வாய மூடு!" என்று மேஸ்திரி குறுக்கே பாய்ந்தார். "சார், அவ சமையல்காரி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொல்ல வந்ததில் பாதிதான் எஸ்.ஐ. காதில் விழுந்தது. சண்டை நடந்திருக்கிறது, எல்லாரும் மறைக்கிறார்கள். வேறென்ன வேண்டும்? என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்திருக்க வேண்டும்.

அவள் எரியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கிளம்பும்போது மேஸ்திரி, "அவன் ஒன் கொட்டகையிலதான் கெடந்தான்னு சொல்லப் போறியா? புருஷன் இல்லாதவ, ஒன் பேரு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டாராம். "எம் பேரப் போட்டா ஒல கொதிக்குது? வழிய விடும்" என்றாளாம். இது பிறகு கையாள் பையன்கள் சொன்னது.

அவள் குரல் லாக்கப்புக்குள் எனக்குக் கேட்டது. உள்ளே விடமாட்டேன் என்ற போலீஸ்காரரிடம், "ஒங்க சார் பாதிதான் கேட்டாரு. மீதியக் கேக்காம நான் போமாட்டேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எஸ்.ஐ. கூப்பிட்டுக் கேட்டார். எறிந்த பிறகு கோமதி தனியாகத்தான் ஆற்றில் இறங்கினான், நான் பொழுது சாயும்வரை அவள் கொட்டகையில் கிடந்தேன், அவள் கூடவே இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். போஸ்ட்மார்ட்டத்திலும் தண்ணீர் குடித்துச் செத்ததாகவும், மண்டையில் பட்டது பாறை அடிதான் என்றும் வந்தது. என்னை விட்டுவிட்டார்கள்.

அனுப்பும்போது எஸ்.ஐ. சொன்னார்: "அவள் உனக்கு வேண்டப்பெட்டவள் ஆயிருந்தா சண்டைய பறயுமோ? உனக்கு எதிராயிட்டுள்ளத முதல்ல பறஞ்சு. அதனால பின்னே பறஞ்சதும் ஞான் விஸ்வசிச்சு. உன் ஆளுக பறஞ்சத விஸ்வசிச்சா நீ இப்ப ஜெயில்ல."

அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. லாக்கப் வாடைதான் ஏறியிருந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஜீப்பே இல்லையே என்றுதான் நினைத்தேன்.

மேஸ்திரி அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ரெண்டு மூணு வருஷம் கழித்து, தம்பானூரில் ரயிலடிக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட ஒதுங்கினேன். தட்டை நீட்டின கையைப் பார்த்து நிமிர்ந்தால், நாச்சியாரக்கா. நான் திரும்பினேன்.

"ஓடாதலே. பசிக்கி எம்மேல கோவம் இருக்கா என்ன? தின்னுட்டுக் கோவப்படு."

தின்றேன். கூட்டம் கலைந்ததும் கேட்டே விட்டேன். "ஏங்க்கா, அன்னைக்கு ஒன் வாய் சும்மா இருந்தா என்ன?"

வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஒரு அக்கா இருந்தாளாம். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அடிப்பான். ஒருநாள் கிணற்றில் கிடந்தாள். போலீஸ் வந்தபோது தெருவே ஒரே வாயாகச் சொன்னது: வயிற்று வலி தாங்காமல் விழுந்துவிட்டாள்.

"எங்கய்யாவும் அதத்தான் சொன்னாரு. போன மானம் போகட்டும், இருக்க மானத்தப் பாப்போம்னு. எங்கக்காவுக்கு ஒருநாளும் வயித்த வலிச்சதில்ல பாண்டி. கல்லத் தின்னாலும் செமிக்கும் அவளுக்கு. கழுத்துல கைத்தடம் கெடந்துச்சு. என்னயும் கேட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன். அவன் மறு வருசமே வேற ஒருத்தியக் கட்டினான். ஒரே வாயின்னு எவன் சொன்னாலும் எனக்கு அந்தக் கெணறுதான் தெரியும்."

அன்றைக்குத்தான் எஸ்.ஐ. சொன்னது எனக்கு உறைத்தது. எனக்காகப் பொய் சொன்ன அத்தனை பேரும் என்னைத் தூக்குக்கயிற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் இழுத்தாள். அதற்கு வேலையும் போய், பேரும் போய், தெருவில் இட்லி விற்றாள். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதன்பின் எங்கே வேலை இருந்தாலும் காலைச் சாப்பாடு அவள் வண்டியில்தான். என் மகள் கல்யாணத்தில் சீர் தூக்கி முன்னால் வந்தது அவள்தான். மலையாளத்துப் பையன்கள் எல்லாரும் அவளைச் சேச்சி, சேச்சி என்று சுற்றுவார்கள். பழைய மாவு என்றால், "இன்னைக்கு புளிச்சிருக்குடே, வேற கடைக்குப் போ" என்று விரட்டுவாள். அதற்காகவே வந்தார்கள்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நானும் என் வீட்டுக்காரியும் மாற்றி மாற்றி இருந்தோம். அவள் உயிரோடிருந்த கடைசி நாள் சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"கலைச்செல்வி எப்படி இருக்கா?"

கலைச்செல்வி கோமதியின் மனைவி. நான் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் மண்ணை வாரித் தூற்றுவாள். அவன் குடிக்கவில்லை, சண்டை இல்லை என்றுதான் எங்க ஆட்கள் அவளிடமும் போய்ச் சொன்னார்கள். சண்டை இல்லையென்றால் தங்கபாண்டியைப் போலீஸ் எதற்குப் பிடித்தது? நான்தான் கொன்றேன், எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று இன்றுவரை இருக்கிறாள்.

"அப்படியேதான் இருக்கா. நான் சொன்னா நம்பவா போறா?" என்றேன்.

"யாரு சொன்னீங்க அவகிட்ட? இத்தன வருசத்துல அவளுக்கு உள்ளதச் சொல்ல ஒரு நாதி இல்ல. நான் போயிருக்கணும், வண்டிய விட்டுட்டு நகர முடியல. நீ போ. எறிஞ்சதும் அவன் முகம் எப்படிச் செத்துப்போச்சுன்னு சொல்லு. குடிச்சிருந்தான்ங்கறதையும் சொல்லு, அத விடாத. போன்ல பேசாத. பஸ்ஸ விட்டு எறங்கினதும் டீக்கடையில நிக்காம நேரா அவ வாசலுக்குப் போ. மண்ண வாரிப் போட்டா நில்லு, தட்டாத. அவ போட்டு முடிச்ச பெறவு சொல்லு."