திரையில் காட்டிய ஒன்பது மீட்டர்

என் நண்பன் சேஷன் போன மாதம் இறந்துபோனான். ஆறு வருடமாக நாங்கள் பேசவில்லை.

காரணம் ஒரு டப்பா. அதைச் சேஷன் மும்பை மாட்டுங்காவில் ஒரு பூங்காவில் ஒளித்துவைத்து, இருக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டிருந்தான். ஜிபிஎஸ் கருவியோடு தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளேயுள்ள தாளில் பெயரெழுத வேண்டும். ஜியோகேச்சிங் என்ற எங்கள் பொழுதுபோக்கு அதுதான்.

எனக்குக் கிடைக்கவில்லை. "தப்பான எண்ணைப் போட்டு அலைக்கழிக்கிறான்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். கிடைத்ததாகச் சொன்னவர்களை அவனுடைய ஆட்கள் என்று நினைத்தேன்.

அவன் போனில் கேட்டான்: "டேய் ராமு, ஸ்க்ரீன்ல ப்ளஸ் மைனஸ் எவ்வளவுன்னு பாத்தியா?"

கிண்டல் என்று போனை வைத்துவிட்டேன்.

இன்று காலை கருவியோடு அந்தப் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தேன். சிக்னல் சுற்றிலுமுள்ள கட்டடங்களில் மோதித் திரும்புகிறது. ப்ளஸ் மைனஸ் ஒன்பது மீட்டர், அதாவது அவ்வளவு தூரம்வரை பிழை இருக்கலாம் என்று திரையிலேயே இருந்தது. அன்றும் இருந்திருக்கும். நான் அன்று, டப்பாவுக்குத் தூரம் பூஜ்யம் என்று கருவி காட்டிய இடத்தைவிட்டு நகரவே இல்லை.

டப்பா எட்டு மீட்டர் தள்ளி, ஒரு பெஞ்சின் அடியில் இருந்தது. தாளில் முதல் வரி காலி. பக்கத்தில் அவன் கையெழுத்து: "இது ராமுவுக்கு. மற்றவர்கள் கீழே எழுதவும்." கீழே பதினோரு பெயர்கள்.

அவன் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "எட்டு மீட்டருக்கா இத்தனை வருஷம் ஆத்துக்கு வராம இருந்தேள்?" என்றார்.

முதல் வரியில் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் கருவி எத்தனை மீட்டர் காட்டுகிறது? பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.