மஞ்சள் வட்டமிட்ட ரிப்போர்ட்

என் சான்றிதழ்க் கோப்பின் கடைசி உறையில் இத்தனை வருடமாக நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கலர் பிரிண்டரில் எடுத்தது. இடப்பக்கம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் பகுதிகளுடைய பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பட்டை, அதில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சிவப்பு. ஒரே ஒரு வரியில் மட்டும் பட்டை முழுக்கப் பச்சை. அந்த வரியைச் சுற்றி மஞ்சள் கிரேயானில் ஒரு வட்டம். எங்கள் கம்பெனியின் செலக்ஷன் மேசையில் தோலைத் தரம் பிரிப்பவர்கள், இன்னொரு தடவை பார்க்க வேண்டிய தோலில் போடும் வட்டம் அது. ரிப்போர்ட்டில் அதைப் போட்டவரை அலுவலகத்தில் செலக்ஷன் அக்கா என்பார்கள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த நானும் பிறரிடம் அப்படித்தான் குறிப்பிடுவேன்.

ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தோல் கம்பெனி, தன் மாடியிலேயே ஒரு மென்பொருள் பிரிவும் நடத்தியது. தோல் பதனிடும் டிரம்முக்குள் எந்த ரசாயனம் எப்போது இறங்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுதினோம். அதற்கு நான் பொறுப்பாளன். அக்கா கணிதப் பட்டதாரி. தொண்ணூறுகளில் ஏழெட்டு வருடம் கீழே செலக்ஷன் கூடத்தில் நின்றவர். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து மாடிக்கு வந்தார். நாங்கள் எழுதுவதைச் சோதிப்பது அவர் வேலை.

தினமும் விடியற்காலையில், ஆள் தொடாமலே, ஒரு கம்ப்யூட்டர் நாங்கள் எழுதியதையெல்லாம் சேர்த்துக் கட்டி, சோதனைகளை ஓட்டி, எந்த வரிகள் சோதனையில் ஓடின, எவை ஓடவில்லை என்று கணக்கெடுத்து இணையப் பக்கம் ஒன்றில் ஏற்றிவிடும். கவரேஜ் ரிப்போர்ட் என்போம். ஓடிய வரி பச்சை, ஓடாதது சிவப்பு. ஒவ்வொரு பகுதியின் கீழும், சோதனையை யார் எழுதியிருந்தாலும், அதைச் சோதிக்கும் பொறுப்பில் பதிவானவர் பெயரைத் தானாகவே போட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்களும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்பதால், மொத்தத்தில் எண்பது விழுக்காடு பச்சை இருந்தே ஆக வேண்டும். நான் அதை அச்செடுத்துத் தண்ணீர்க் கேனுக்கு மேலே இருந்த பலகையில் குத்திவைப்பேன். காலையில் டம்ளரும் கையுமாகக் கூட்டம் நிற்கும். "இன்னாப்பா, உன் ஏரியா ரத்தக்களரியா கீது?" என்பான் ஒருவன். "உன்துல மட்டும் பச்சை ஜாஸ்தியா? போய் கண்ணாடி போடு தோஸ்த்" என்பான் இன்னொருவன். அக்கா சிரிக்க மாட்டார். கேட்டால் ஒன்றையே சொல்வார்: "கை பட்ட தோலு வேற சார், கண்ணு பட்ட தோலு வேற. செலக்ஷன்ல கை பட்டுதான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு வரி ஓடியது என்பதற்கும், ஓடி என்ன செய்தது என்று ஒருவர் பார்த்தார் என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த ரிப்போர்ட் காட்டாது. எண்பதைக் காட்டினால் போதும் என்றிருந்தவனுக்கு அந்தத் தூரம் வசதியாக இருந்தது.

சிவப்பாகவே கிடந்தது ஒரே பகுதி, ஆசிட் வால்வுடையது. தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்த்த நீரை டிரம்மில் விடுவார்கள். அந்த நீர் முழுவதும் வடியாமல் ஆசிட் இறங்கினால் நச்சு வாயு கிளம்பும். ஆள் நிற்க முடியாது. டிரம் காலி என்று சென்சார் சொன்ன பிறகே வால்வு திறக்க வேண்டும். அதைச் சோதிக்க அக்கா என்னிடம் ஒரு வாரம் கேட்டார். "கீழ டிரம்மாண்ட நின்னு பாக்கணும் சார். முடி கூழா போய் வடிகால்ல அடைச்சுக்கும். அப்ப சென்சார் இன்னா சொல்லுது, சும்மா இருந்துடுதான்னு தெரியணும்."

"வெள்ளிக்கிழமை எண்பது காட்டணும்மா. ஒரு வாரத்துக்கு எங்க போறது?" என்றேன்.

"அப்ப சிவப்பாவே உடுங்க சார். சிவப்பு பொய் சொல்லாது."

நான் விடவில்லை. வியாழக்கிழமை மாலை அவர் பஸ் பிடிக்கப் போன பிறகு, நானே உட்கார்ந்து அந்தப் பகுதிக்குப் பதினோரு சோதனைகள் எழுதினேன். ஒவ்வொன்றும் புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டும். ஓடிய பிறகு வால்வு திறந்ததா, மூடியிருந்ததா என்று ஒன்றுகூடக் கேட்காது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விடிந்ததும் பட்டை முழுப் பச்சை. கீழே அக்காவின் பெயர்.

பலகை முன்னால் அவர் நின்றதைப் பார்த்தேன். தாளைக் கழற்றி, பையிலிருந்து கிரேயானை எடுத்து வட்டம் போட்டு, என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "இது என் கை இல்லை சார். பேர மட்டும் எடுத்துடுங்க." அது மெஷின் போடுவது, மாற்ற நேரமாகும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் புரோகிராம் கீழே பதனிடும் கூடத்தில் ஓடத் தொடங்கிவிட்டது.

நான்கு மாதம் கழித்து, ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வேலைக்கு வரும் டிரம் தொழிலாளி ஒருவர், டிரம்மின் கதவருகே குனிந்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனார். அன்று மாலையே கதவைச் சாத்திக்கொண்டு, சென்சார் பதில் சொல்லாதபோது என்ன நடக்கிறது என்று ஓட்டிப் பார்த்தேன். பதில் வராவிட்டால் டிரம் காலி என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி இருந்தது. வால்வு திறந்தது. நான் பச்சையாக்கிய வரிகளில் அதுவும் ஒன்று. அன்றே யாரிடமும் சொல்லாமல் திருத்தினேன். மறுநாள் ரிப்போர்ட்டும் பச்சையாகவே வந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி முன் கம்பெனி அந்தப் பழைய ரிப்போர்ட்டின் நகலை வைத்தது. இந்தப் பகுதி முழுக்கச் சோதிக்கப்பட்டது என்று நான் சொன்னேன். அக்கா எழுந்தார். "அது ஓடிச்சு சார். யாரும் பாக்கல."

அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். "கீழ உங்க பேர்தானேம்மா இருக்கு?"

"பேர் இருக்கு சார். எழுதுனது நான் இல்லை."

அதிகாரி என்னைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சோதனையெல்லாம் அவங்க பொறுப்புதான் சார்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஆசிட் வால்வைக் கையாலும் திறக்கலாம். தொழிலாளி அவசரப்பட்டுத் திறந்திருக்கிறார் என்று அறிக்கை முடிந்தது. அக்கா அந்த மாதமே வேலையை விட்டார். கம்பெனி எனக்குப் பதவி உயர்வு கொடுத்தது. வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஜோலார்பேட்டையில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் அவர் வீட்டைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. காபி கொடுத்தார். நான் தாளை நீட்டி, "மன்னிச்சுடும்மா" என்றேன்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சார்? நான் வேற வேலை தேடிக்கினேன்" என்றார். ஒடுகத்தூருக்கு வருடம் ஒரு முறை போய்வந்திருக்கிறார். அந்தத் தொழிலாளியின் மனைவியிடம் எத்தனையோ தடவை நடந்ததைச் சொன்னாராம். "நம்பல சார். கவர்மென்ட் பேப்பர்லயே போட்டுட்டாங்களேன்னு சொல்லும். உங்கப்பன் அவசரக்காரன், நீயாவது நிதானமா இருன்னு மகனுக்குச் சொல்லிக்கினே இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி அதுவும் போய்டுச்சு."

பிறகு தாளை வாங்கி, செலக்ஷன் மேசையில் தோலைப் புரட்டுவதுபோல் ஒரே கையால் புரட்டி, உள்ளங்கையால் நீவினார். "பின்பக்கம் காலியாத்தான் கீது. உங்க கையால எழுதுங்க. மகன் படிப்பான்."

எழுதிவிட்டேன். சோதனைகளை எழுதியது நான், பெயர் மட்டுமே அவருடையது, உன் அப்பா வால்வைத் தொடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, நாளை ஒடுகத்தூர் பஸ்ஸுக்காகப் பையில் வைத்திருக்கிறேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கத்து மஞ்சள் வட்டம் என் எழுத்துக்குப் பின்னால் தெரிகிறது. மகன் படிக்கலாம். தன் புருஷன் அவசரக்காரன் என்று சொல்லிக்கொண்டே செத்தவளுக்கு இதை யார் படித்துக் காட்டுவது?