கிளட்ச் மிதிக்காத கால்

இன்னிக்கு என் மகனோட காரை எடுக்க ரெண்டு பேரும் திண்டிவனம் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போயிடுச்சுன்னு, அதைக் கழட்டிட்டு கையால போடற கியர் மாட்டி வெச்சிருந்தாங்க.

எல்லாம் என் பிடிவாதம். முப்பத்தஞ்சு வருஷம் லாரி ஓட்டினவன் நான். "இடது காலுக்கு வேலையே இல்லாததெல்லாம் ஒரு வண்டியாடா?"ன்னு வாங்கின நாள்லேர்ந்து கிண்டல் பண்ணிக்கினே இருந்தேன்.

"பழைய மாதிரியே போட்டுக்கலாம்பா"ன்னு மூணு வாட்டி சொன்னான். மூணு வாட்டியும் எங்க நின்னு சொன்னான்னு இப்பவும் சொல்லுவேன்.

ஏறி உக்காந்தான். வண்டி குலுங்கி நின்னுச்சு. மறுபடியும் எடுத்தான், மறுபடியும் நின்னுச்சு.

"கிளட்ச்சை நல்லா மிதிங்க சார், அது ஒண்ணும் கோச்சுக்காது"ன்னு மெக்கானிக் சிரிச்சாரு.

அப்பதான் பார்த்தேன். இடது காலை ரெண்டு கையாலயும் தூக்கி கிளட்ச் மேல வெக்கிறான். நாப்பத்திரண்டு வயசு.

"எவ்ளோ நாளாடா?"

"ரெண்டு வருஷமாச்சுப்பா. நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கினு வருதாம். அதனாலதான் அந்த வண்டியே வாங்கினேன். நீ தாங்கமாட்டேன்னு சொல்லல."

விழுப்புரம் வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.

நம்ம டிரைவருங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்த வாய்ஸைக் கேக்கறவங்க, இந்த வண்டிக்கு ஆகற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எங்கயாவது கிடைச்சா சொல்லுங்க. என்னைத் திட்டறதா இருந்தா நீங்களும் வாய்ஸ்லயே திட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது.