காற்றுக்காகக் காத்திருந்தவர்கள்

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாய் முதுகில் சுமந்து மாடிப்படி இறங்குவதால் பெயரே பீரோ ஆகிவிட்டது. அவருக்கு ஒருநாள் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம் வந்தது. படுத்தால் உள்ளே போயிற்று. இருமினால் எட்டிப் பார்த்தது.

குடலிறக்கம், ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர். வயிற்றுத் தசையில் விழுந்த ஓட்டையைச் சாப்பாடு அடைக்காது. ஆனால் அதுவரை முக்கக் கூடாது, வயிறு உப்பக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது. கீரையும் பப்பாளியும் நிறையத் தண்ணீரும் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். பொரித்ததும் சோடாவும் ஆகாது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி அன்றே வீட்டில் சட்டம் போட்டாள். வாயுவைக் கிளப்பும் முட்டைக்கோசும் மொச்சையும் நாடு கடத்தப்பட்டன. பீரோவுக்குக் கிண்ணச் சோறு யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதலில் முறைத்தார். ஒரு வாரம் போனதும் கழிவறையிலிருந்து விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தார். முக்காமல் முனகாமல் காரியம் முடிந்ததாம். உலகத்தில் இப்படியொரு சுகம் இருப்பதை யாருமே சொல்லவில்லையே என்று கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டர் வந்து, காற்று பிரிந்ததா என்று கேட்டார். இல்லை. பிரிந்தால்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மச்சான் காய்கறி சூப்போடு கட்டிலருகே காவல் இருந்தார். வந்ததா, வந்ததா என்று கூட்டாளிகள் போனில் துளைத்தார்கள். பீரோ மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்க, இத்தனை நாளா அதை விரட்டுறதுக்குப் படாதபாடு பட்டேன். இப்ப வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினார்.

"தையல் பிரியக் கூடாது. காத்துதான் பிரியணும்."

அவ்வளவுதான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவரிடமிருந்து, கதவை இழுத்துச் சாத்தியது போலச் சத்தத்தோடு வந்தது. வார்டே கைதட்டியது. என்னவோ ஏதோவென்று ஓடிவந்த நர்ஸ், விஷயம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மச்சானுக்கு அவசரத்தில் சூப் பாத்திரத்தின் மூடி திறக்கவில்லை. ஒருவழியாகத் திறந்ததும் பீரோ முதல் கரண்டி சூப்பைக் கண்ணை மூடிக் குடித்தார்.

எதிர்க் கட்டிலில் முந்தாநாள் ஆபரேஷன் ஆனவர் ஒருவர் படுத்திருந்தார். மெல்லத் தலையைத் தூக்கினார்.

"அக்கா, எனக்கும் ஏதாவது சொல்லுங்களேன்."