ஆடியில் பூத்த கரந்தை

என் மனைவியின் தோல் அரிப்புக்குச் சித்த வைத்தியர் சொன்ன மருந்து கொட்டைக்கரந்தை. வில்லாபுரத்து எங்கள் வீட்டில் அந்தப் பச்சைச் செடியைக் காய்ச்சி வடித்து நாள்தோறும் பருகிவந்தாள். அரிப்போ தணியவில்லை. ஆடி பிறந்த பின்னும், பழைய நகரத்து நாட்டு மருந்துக் கடையில் அது பூவும் பசுமையுமாகக் கிடைத்தபோதுதான் எனக்கு ஐயம் எழுந்தது.

கரந்தை சூரியகாந்திக் குடும்பத்தது. அறுவடை முடிந்த வயலின் ஈரத்திலும் நீர் வற்றும் கண்மாய்ச் சேற்றிலும் படர்ந்து, தை மாசியில் ஊதா உருண்டைகளாகப் பூக்கும். கோடை முற்றினால் சருகாகிவிடும். ஆநிரை மீட்கச் சென்றோர் சூடிய பூ என்று வகுப்பறையில் பெயராக மட்டும் சொல்லிவந்து, ஓய்வுக்குப் பின் கண்மாய்தோறும் தேடிப் பழகியவன் நான். ஆடியில் அது பூத்துக் கண்டதில்லை.

கடையிலேயே செடிக்கட்டைப் பிரித்தேன். வேறு களை கலந்திருக்கும் என்றே எதிர்பார்த்தேன். இல்லை. தண்டு நெடுக இலைச்சதை சிறகுபோல் ஒட்டியிருந்தது. இலை விளிம்பில் பற்கள். கசக்கினால் கையைவிட்டு அகலாத அதே மணம். செடி மெய்யானது. அதனாலேயே ஐயம் மிகுந்தது.

“பாய், ஆடியில இம்புட்டுப் பச்சையா எங்க மொளைக்குது?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“செடி அசலா இல்லையா, அதச் சொல்லுங்கய்யா.”

“அசல்தான். அதுதான் இடிக்குது.”

“நல்லாருக்கே! போலின்னாலும் சண்டை, அசல்னாலும் சண்டையா? வண்டியில ஏறுங்க. கண்ணால பாத்துட்டு வந்து பேசுங்க.”

வில்லாபுரம் தாண்டி, மனைக்கல் நட்ட ஒரு தரிசு வயலோரம் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, நடுவே மட்டும் கரந்தை கணுக்கால் மறையச் செழித்திருந்தது. குனிந்து வேரடியைத் தொட்டேன். கருத்த ஈரம், அதன்மேல் சோப்பு நுரை. குடியிருப்புகளின் சாக்கடை கரை உடைந்து அங்கே பரவியிருந்தது. அந்நீரே கோடையிலும் செடியைச் சாகவிடாமல் பூக்கவைத்திருக்கிறது.

“பறிக்கிற ஆளு எடத்தச் சொன்னாரு, நான் வந்து பாத்ததில்லைய்யா” என்றார் கடைக்காரர். எவரிடமும் வழி கேட்காமல் நேரே வந்து நின்றவரின் சொல்லை எப்படி நம்புவது?

வீட்டில் மனைவி அன்றைய கஷாயத்தை வடித்து வைத்திருந்தாள். கண்டதைச் சொல்லிக் குவளையை வாங்கி, பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கவிழ்க்கப் போனேன்.

“ஊத்துங்க, நல்லா ஊத்துங்க” என்றாள், முழங்கையைச் சொறிந்தபடி. “நம்ம அங்கணத்துத் தண்ணி மட்டும் எங்க போகுதுன்னு நெனைச்சீக?”

குவளையை எங்கே கவிழ்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.